நிலக்கரியின் துளைகளும் இன்மை என்னும் பொருளும்

நிலக்கரிப் படுகையில் உள்ள மீத்தேனின் பெரும்பகுதி, இடுக்குகளில் அடைபட்ட தனி வாயுவாக இருப்பதில்லை. கரிக்குள் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத நுண்துளைகளின் சுவர்களில் அது ஒட்டியிருக்கிறது. இப்படி ஒட்டுவதை வேதியியல் பரப்புக் கவர்ச்சி என்கிறது. அழுத்தம் குறையும்போது வாயு சுவரை விட்டு விலகுவது பரப்பு நீக்கம். எவ்வளவு வாயு ஒட்டும், எவ்வளவு விரைவில் விலகும் என்பதைத் துளைகளின் அளவும் வடிவும் அவற்றுக்கிடையே உள்ள இணைப்பும் தீர்மானிக்கின்றன என்று சுரங்கவியல் நூல்கள் சொல்கின்றன. பொறியாளர் அந்த வாக்கியத்தைத் தயங்காமல் கடந்துவிடுவார். தத்துவம் படித்தவர் அங்கேயே நின்றுவிடுவார். துளை என்பது கரி இல்லாத இடம். இல்லாத ஒன்று எதையாவது தீர்மானிக்க முடியுமா? அதற்கு அகலம் உண்டு, கொள்ளளவு உண்டு, எண்ணிக்கை உண்டு என்றால் அதையும் உள்பொருள்களின் வரிசையில் சேர்க்க வேண்டியதுதானா?

இந்தியத் தருக்க மரபில் இது நெடுங்காலம் நடந்த வழக்கு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அது இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. அளவை வாதி அடுக்கும் பத்து அளவைகளுள் அபாவம், அதாவது இன்மையை அறியும் வழி, ஒன்றாக நிற்கிறது. அதே காதையில் பேசும் வைசேடிக வாதியோ பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்ற ஆறோடு நிறுத்திக்கொள்கிறான். இன்மையை அறிய முடியும் என்பது ஒருவர் கட்சி. அறியப்படும் பொருள்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பது இன்னொருவர் பட்டியல் சொல்லாமல் சொல்வது. பின்வந்த வைசேடிகர்கள் இன்மையை ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம் இந்த ஏழையும் ஏற்ற நூல்.

எதிர்க்கட்சியும் வலுவாகவே இருந்தது. மீமாம்சையில் பிரபாகரர் வழி வந்தவர்கள், தரையில் குடம் இல்லை என்று அறியும்போது அறியப்படுவது வெறுந்தரை மட்டுமே, தரைக்கு மேல் ‘குடமின்மை’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை என்றார்கள். இதே வாதம் 1970இல் வேறொரு உடையில் வந்தது. டேவிட் லூயிஸும் ஸ்டெஃபனி லூயிஸும் ‘துளைகள்’ என்ற தலைப்பில் எழுதிய உரையாடலில் ஆர்கில் என்ற பாத்திரம் சடப்பொருளைத் தவிர எதையும் ஏற்காதவன். துளைகள் உண்டா என்று கேட்டால் உண்டு என்பான். ஆனால் துளை என்பது துளையின் சுற்றுச்சுவர்தான், சுவர் சடப்பொருள், எனவே துளையும் சடப்பொருள் என்று முடித்துவிடுவான். பிரபாகரரின் வெறுந்தரையும் ஆர்கிலின் சுற்றுச்சுவரும் ஒரே உத்தி. 1994இல் ராபர்த்தோ கசாத்தியும் அக்கிலே வார்ட்சியும் துளைகளுக்கென்றே ஒரு நூல் எழுதி, துளை சடமற்றதுதான், ஆனாலும் உண்மையானது, தன்னைத் தாங்கும் பொருளைச் சார்ந்தே நிலவுவது என்று வாதிட்டார்கள்.

இந்த வழக்கில் நிலக்கரி ஒரு நல்ல சாட்சி. பாலாடைக்கட்டியின் துளையையும் தரையின் குடமின்மையையும் வைத்து வாதிடுகையில் துளை எதுவும் செய்வதில்லை. வெறுமனே இருக்கிறது, அல்லது இல்லை. கரியின் துளை வேலை செய்கிறது.

அந்த வேலை நடக்கும் அளவு மிகச் சிறியது. வேதியியலாளர்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கு மேல் பெருந்துளைகள். மீத்தேன் மூலக்கூறின் விட்டம் ஏறத்தாழ 0.38 நானோமீட்டர். வாயுவைப் பிடித்துவைக்கும் திறன் முக்கியமாக நுண்துளைகளுடையது. பெருந்துளைகளும் கரியில் இயல்பாக ஓடும் வெடிப்புகளும் வாயு வெளியேறும் பாதைகள். கரியின் உட்பரப்பு கிராமுக்கு நூறு முதல் முந்நூறு சதுர மீட்டர் வரை இருப்பது வழக்கம். சென்னையில் மனை விற்போர் கணக்கில் சொன்னால், ஒரு கிராம் கரிக்குள் ஒரு கிரவுண்டு மனை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கரியாக மாறிய தாவரப் பொருள் எது, கரி எவ்வளவு முதிர்ந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். மரத்திசுவிலிருந்து வந்த பளபளப்பான விட்ரினைட் மிகுந்த கரியில் நுண்துளைகள் அதிகம். மங்கலான இனெர்ட்டினைட் மிகுந்த கரியில் பெரிய துளைகளின் பங்கு கூடும்.

அகன்ற துளையில் மூலக்கூறு ஒரு சுவரின் ஈர்ப்பை மட்டுமே உணரும். துளை குறுகக் குறுக எதிர்ச்சுவரின் ஈர்ப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று மூலக்கூறுகளின் அகலமே உள்ள இடுக்கில் இரு ஈர்ப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மீத்தேனைத் திரவத்தின் அடர்த்திக்கு நெருக்கமாகத் திணித்து வைக்கும். ஈர்ப்பது சுவர்தான், வெறுமை எதையும் ஈர்க்கவில்லை என்று ஆர்கில் இங்கே மகிழ்ச்சியடையலாம். அது சரியும்கூட. ஆனால் அதே கார்பன் அணுக்களை இடைவெளியின்றி அடுக்கினால் இந்த ஈர்ப்பு வெளிப்படாது. சுவர்களை இன்னும் தள்ளி வைத்தால் வலுவிழக்கும். வேலை செய்வது சுவர். எவ்வளவு செய்யும் என்பது சுவர்களுக்கிடையே உள்ள தொலைவு. அந்தத் தொலைவு எந்த ஒரு சுவருடைய குணமும் ஆகாது. தவிரவும் கரியில் அடுத்தடுத்த இரு துளைகளைப் பிரிப்பது பெரும்பாலும் ஒரே மெல்லிய தடுப்பு. துளையைச் சுவராக மாற்றிச் சொல்ல முயன்றால் ஒரு சுவர் இரண்டு துளைகளாக இருக்க வேண்டிவரும். ஆர்கிலுக்கு இதற்கும் பதில் உண்டு. ஆனால் எளிமைக்காகத் தொடங்கிய கொள்கை அந்தப் பதில்களுக்குள் எளிமையை இழந்துவிடுகிறது.

நியாய மரபு இங்கே இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. இன்மை எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மை. எதன் இன்மையோ அதைப் பிரதியோகி என்றும், எங்கே இல்லையோ அந்த இடத்தை அனுயோகி என்றும் அந்நூல்கள் வகுக்கும். பிரதியோகியைச் சொல்லாத இன்மைக்கு உருவமே கிடையாது. கரித்துளையைப் பற்றிய பல குழப்பங்கள் இந்த ஒரு விதியை மறந்ததால் வந்தவை என்று சொன்னால் மிகையாகாது. அதற்குச் சான்று அளவைக் கூடங்களில் கிடைக்கிறது.

துளையின் பரப்பை அளக்க வழக்கமான முறை, ஒரு வாயுவை உள்ளே செலுத்தி எவ்வளவு ஒட்டுகிறது என்று கணிப்பது. நைட்ரஜனை −196 பாகை செல்சியஸில் செலுத்தினால் பல கரிகள் கிராமுக்குப் பத்து சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பையே காட்டும். சில ஒன்றுக்கும் குறைவு. அதே கரியில் 0 பாகையில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் நூறு, இருநூறு என்று வரும். கரி ஒன்றே, உட்பரப்பு பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்கு வேறு. மூலக்கூறுகளின் பருமன் வேறுபாடு இதை விளக்கப் போதாது: நைட்ரஜன் 0.36 நானோமீட்டர், கார்பன் டை ஆக்சைடு 0.33. காரணம் பெரும்பாலும் குளிர். அந்தக் குளிரில் நைட்ரஜனுக்குக் குறுகிய வாசல்களைத் தாண்டும் ஆற்றல் இல்லை. அளவு முடியும் காலத்துக்குள் அது உள்ளே போய்ச் சேர்வதில்லை. நைட்ரஜனைவிடப் பருமனான மீத்தேன், படுகையின் வெப்பநிலையில், லட்சக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் பெற்று, அதே வாசல்களைத் தாண்டி உள்ளே குடியிருக்கிறது. வாசலின் அகலம் என்பது நானோமீட்டரில் மட்டும் சொல்லி முடிக்கக்கூடியதில்லை; வெப்பமும் காலமும் அதில் பங்காளிகள்.

நைட்ரஜன் நுழையவில்லை, எனவே துளை இல்லை என்ற அனுமானத்தின் பிழை எங்கே? காணாமையிலிருந்து இன்மையை எப்போது கொள்ளலாம் என்று தருமகீர்த்தி முதலிய பௌத்தத் தருக்கர்களும் நையாயிகர்களும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற தகுதி உள்ள பொருளின் காணாமை மட்டுமே இன்மைக்குச் சான்று. இருட்டறையில் குடம் தென்படாதது குடமின்மைக்குச் சான்றாகாது. −196 பாகை நைட்ரஜனுக்கு நுண்துளை இருட்டறை.

அப்படியானால் உண்மையான உட்பரப்பு எது? 1927இல் பெர்சி பிரிட்ஜ்மன், ஒரு கருத்தின் பொருள் அதை அளக்கும் செயல்முறைகளே என்றார். உயர் அழுத்த இயற்பியலில் ஊறிய அவர், கருவிகளோடு பழகிய கையால் எழுதிய தத்துவம் அது. அதன்படி நைட்ரஜன் பரப்பும் கார்பன் டை ஆக்சைடு பரப்பும் இரண்டு வெவ்வேறு கருத்துகள். ஒரே பெயரைத் தற்செயலாகப் பகிர்ந்துகொள்பவை. இந்த நிலைப்பாடு அளவைக் கூடத்துக்கு நல்ல ஒழுக்கத்தைத் தருகிறது, ஆனால் முழுமையானதாக இல்லை. இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு ஒரே துளையமைப்பை வைத்து விளக்கம் சொல்ல முடிகிறது. அந்த விளக்கத்திலிருந்து மூன்றாவது வாயு எப்படி நடந்துகொள்ளும் என்றும் ஓரளவு முன்கூறலாம். தொடர்பற்ற இரு கருத்துகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

உள்ளே நுழையாமலே துளையைக் காணும் முறையும் உண்டு. நியூட்ரான் கற்றையைக் கரியில் பாய்ச்சி, சிறு கோணங்களில் அது சிதறுவதைப் பதிவு செய்தால், வெளியே வாசல் இல்லாத மூடிய துளைகளும் சேர்ந்து தெரியும். பின்னர் கனஹைட்ரஜன் கொண்ட மீத்தேனைக் குறிப்பிட்ட அழுத்தம் வரை ஏற்றினால், வாயு நிரம்பிய துளைகள் சுற்றியுள்ள கரியிலிருந்து வேறுபாடின்றிச் சிதறலிலிருந்து மறைந்துபோகும். இன்னும் தெரிபவை மீத்தேன் புகாத துளைகள். இப்படிக் கண்டறியப்படும் மூடிய துளை நியூட்ரானுக்கு உண்டு, மீத்தேனுக்கு இல்லை. இதைப் பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்த சார்பு என்று கொள்வது தவறு. மீத்தேனுக்கு மனம் கிடையாது. கரி, மூலக்கூறு, வெப்பம், காலம் ஆகியவற்றுக்கிடையே நிலவும் உறவு அது. யார் அளந்தாலும், யாரும் அளக்காவிட்டாலும் அப்படியே இருப்பது. துளை உறவாக இருப்பதாலேயே அதன் உண்மை குறைந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தத்துவ நூல்களில் கிடைப்பது அரிது.

வெறுமையை அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒட்டிய மீத்தேன் எவ்வளவு என்று கணிக்க, கலத்தில் ஒட்டாத வாயுவுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஹீலியத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது கரியில் ஒட்டாது என்பது கொள்கை. ஆனால் 0.26 நானோமீட்டர் ஹீலியம், மீத்தேன் புக முடியாத இடங்களிலும் புகுந்துவிடும். அந்த இடங்களும் மீத்தேனுக்கான வெற்றிடமாகக் கணக்கில் ஏறி, ஒட்டிய மீத்தேனின் அளவு குறைவாக வரும். உயர் அழுத்தத்தில் இந்தப் பிழை பெரிதாகும். ஹீலியத்தின் இன்மையை மீத்தேனின் இன்மையாகக் கொண்டதன் விளைவு, அதாவது பிரதியோகியை மாற்றிப் படித்த கணக்கு.

‘பரப்பு’ என்ற சொல்லின் நிலையும் உறுதியானதில்லை. 1918இல் இர்விங் லாங்மியூர் தந்த சமன்பாடு, ஒரே சீரான பரப்பில் ஒரே அடுக்காக மூலக்கூறுகள் அமர்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. கரியின் சுவர் சீரானதில்லை, 0.7 நானோமீட்டர் இடுக்கில் அடுக்கு என்று பேசவே இடமில்லை. ஆனாலும் கரியின் அளவீடுகளில் அச்சமன்பாடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. சோவியத் வேதியியலாளர் டுபினின், நுண்துளையில் பரப்பு மூடப்படுவதில்லை, கொள்ளளவு நிரப்பப்படுகிறது என்ற வேறு சித்திரத்திலிருந்து தொடங்கினார். அவருடைய சமன்பாடும் பொருந்துகிறது. இரு சித்திரங்களும் ஒரே கோட்டை வரைந்தால் அந்தக் கோட்டைக் காட்டி இரண்டில் ஒன்றை நிலைநாட்ட இயலாது.

இதுவரை துளையைக் கொள்கலமாகவும் மீத்தேனைக் கொள்பொருளாகவும் வைத்துப் பேச முடிந்தது. கரி அதையும் அனுமதிப்பதில்லை. வாயு ஒட்டும்போது கரி வீங்குகிறது, விலகும்போது சுருங்குகிறது. 1715–16இல் நியூட்டனின் தரப்பில் கிளார்க்கும் எதிர்த்தரப்பில் லைப்னிட்ஸும் கடிதங்களில் மோதிக்கொண்டார்கள்: பொருள்கள் எல்லாம் நீங்கினாலும் வெளி ஒரு பாத்திரம் போல அப்படியே நிற்குமா, அல்லது பொருள்களுக்கிடையே உள்ள ஒழுங்குக்குத்தான் வெளி என்று பெயரா? கரித்துளையைக் காட்டி அந்த வழக்கைத் தீர்க்க முடியாது. அவர்கள் பேசியது பிரபஞ்ச வெளியை. ஆனால் கரிக்குள் பாத்திரக் கொள்கை உதவாது. யார் வந்து குடியேறினாரோ அவரைப் பொறுத்து அறையின் அளவு மாறுகிறது.

இதன் விளைவுகள் களத்தில் பார்க்கப்பட்டவை. அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில் மீத்தேன் எடுக்க எடுக்கக் கரி சுருங்கி, வெடிப்புகள் அகன்று, வாயு முன்னைவிட எளிதாக ஓடியது. அதே படுகையில் 1990களில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மீத்தேனை வெளித்தள்ளிப் பார்த்தார்கள். கரி மீத்தேனைவிடக் கார்பன் டை ஆக்சைடை அதிகம் விரும்பும். அதை ஏற்று வீங்கும். வீங்கி வெடிப்புகளை நெருக்கும். செலுத்திய வாயு தன் பாதையைத் தானே அடைத்துக்கொண்டது.

பரப்பு நீக்கத்தில் வேறொரு கேள்வி எழுகிறது: ‘உள்ளே இருக்கிறது’ என்பதன் பொருள் என்ன? லாங்மியூர் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பின் சாய்ந்து தட்டையாகும். கொள்திறனில் பாதி நிரம்பும் அழுத்தம் 2.5 மெகாபாஸ்கல் என்று கொண்டால், 7.5இல் முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காக, 2.5க்குக் குறைத்தாலும் பாதி உள்ளேயே இருக்கும். 0.5க்கு இறக்கினால்கூட ஆறில் ஒரு பங்கு சுவரை விடாது. கிணற்றில் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும்போது வாயுவின் பெரும்பகுதி கடைசிக் கட்டத்தில்தான் வெளிவரும். சுவரை விட்ட மூலக்கூறு நுண்துளைகளின் வழியே மெல்ல விரவி வெடிப்பை அடைந்த பிறகே ஓடத் தொடங்கும். வழியில் ஒரு குறுகிய கழுத்து இருந்தால் அதுவே மொத்தப் பயணத்தின் வேகம்.

ஏறிய பாதையில் இறங்குவதும் இல்லை. ஒரே அழுத்தத்தில், ஏறும்போது இருந்ததைவிட இறங்கும்போது அதிக வாயு உள்ளே தங்குவதைப் பல கரிகளில் பார்க்கலாம். நைட்ரஜனில் இதற்குக் குடுவை போன்ற துளைகளில் வாயு திரவமாக ஒடுங்குவது காரணமாகச் சொல்லப்படும். அந்த விளக்கத்தை மீத்தேனுக்கு அப்படியே எடுத்துவருவது பிழை: −82.6 பாகைக்கு மேல் மீத்தேன் திரவமாகாது, படுகையோ அதைவிட மிகச் சூடானது. வீக்கம் முழுதும் மீளாமையும் குறுகிய கழுத்துகளில் மூலக்கூறுகள் சிக்குவதும் இங்கே தகுந்த காரணங்கள். எதுவானாலும், கரியின் இன்றைய நிலையைச் சொல்ல இன்றைய அழுத்தம் மட்டும் போதவில்லை. அது எவ்வழி வந்தது என்பதும் வேண்டும். தருக்கர்கள் ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள இன்மையையும் அது அழிந்த பின் உள்ள இன்மையையும் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முன்னதற்குத் தொடக்கமில்லை முடிவுண்டு, பின்னதற்குத் தொடக்கமுண்டு முடிவில்லை. மீத்தேன் இன்னும் வராத துளையும் வந்து போன துளையும் ஒன்றில்லை என்பது கரியில் அளந்து காட்டக்கூடிய வேறுபாடு.

துளையிட்டு எடுத்த கரி உருளையில் எவ்வளவு வாயு இருந்தது என்று கணிக்கும் நேரடி முறை மூன்று தொகைகளைக் கூட்டுகிறது. உருளையை மேலே கொண்டுவந்து கலத்தில் அடைப்பதற்குள் இழந்தது முதலாவது. அதை யாரும் அளக்கவில்லை, பின்னர் வெளிவந்த வாயுவின் மொத்த அளவைக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்து பின்னோக்கி நீட்டிப் பெறுகிறார்கள். கலத்தில் தானாக வெளிவந்தது இரண்டாவது. மூன்றாவது, பல வாரங்களுக்குப் பிறகும் வெளிவராமல் தங்கியது. அதை அறியக் கரியை மாவாக அரைக்க வேண்டும். கடைசித் தொகையைத் தந்தது துளையா, துளையை அழித்த செயலா என்று கேட்க இடமுண்டு. இரண்டையும் சொல்லலாம் என்பதே பொருத்தமான விடை; ஆனால் படுகையை யாரும் அரைக்கப் போவதில்லை என்பதால் அந்தப் பகுதி கிணற்றுக்கு எட்டாதது.

கரிக்குள் இருப்பதற்கும் கிணற்றுக்கு எட்டுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு வெறும் நூலறைச் சங்கதியாக நிற்பதில்லை. காவிரிப் படுகையில் மன்னார்குடி வட்டாரத்துப் பழுப்பு நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் 2010இல் ஒப்பந்தமாகி, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உள்ளிட்டோரும் உழவர்களும் எதிர்த்து, கைவிடப்பட்டது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. எதிர்ப்பின் மையம் நிலத்தடி நீர். நீரை இறைக்காமல் அழுத்தம் குறையாது, அழுத்தம் குறையாமல் சுவர் வாயுவை விடாது. ஆகவே அடியில் மீத்தேன் ‘இருக்கிறது’ என்ற கூற்றுக்குள், இவ்வளவு நீரை வெளியேற்றினால் என்ற நிபந்தனையும் சொல்லாமலே அடங்கியிருந்தது.

இந்தியச் சுரங்க ஒழுங்குமுறை இந்தக் கேள்விகளுக்குள் இறங்காமல் ஒரு வழி கண்டிருக்கிறது. ஒரு படுகையின் அபாயத்தை மூன்று தரங்களாகப் பிரிக்கும்போது, கரிக்குள் எவ்வளவு வாயு உள்ளது என்று அது கேட்பதில்லை. வெட்டியெடுக்கும் ஒரு டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் வாயு வெளிப்படுகிறது என்று கேட்கிறது: ஒன்றுக்கு மிகாமல், காற்றில் வாயுவின் பங்கும் 0.1 விழுக்காட்டுக்கு மிகாமல் இருந்தால் முதல் தரம். பத்து வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்றாம் தரம். அப்படி வெளிப்படுவதில் வெட்டப்படும் கரியிலிருந்து வருவதோடு, வெட்டியதால் அழுத்தம் தளர்ந்த மேல்கீழ்ப் படுகைகளிலிருந்து கசிந்து வருவதும் சேர்ந்தே கணக்காகிறது.